ஒழிந்த இடமும் ஒலித்த இசையும்

 

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சேற்றூர், தமிழ்ப் புலவர்களைப் போற்றிப் புரந்த பழைய சமீன்களுள் ஒன்று. இன்று சேத்தூர் என வழங்கும் இவ்வூரில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காண்பது அம்மரபின் தொடர்ச்சியே ஆகும். ஒரு வட்டத்தின் வாழ்வில் பத்தாண்டு குறுகிய காலம் அன்று. அதற்குள் புதிய குரல்கள் வந்து சேரும். பழைய குரல்கள் சில ஓயும். திங்கள்தோறும் ஒருவர் வழக்கமாக அமர்ந்த நாற்காலி வெறுமையாகக் கிடக்கும் நாள் எந்த வட்டத்துக்கும் வரும். அந்நாளில் எஞ்சியோர் செய்யத்தக்கது யாது? கூட்டத்தை நிறுத்திவிடுவதா? அந்நாற்காலியில் வேறொருவரை அமர்த்தி, ஒன்றும் நிகழாதது போல் நடத்துவதா? இரங்கற்பா ஒன்று பாடிவிட்டுக் கடமை முடிந்தது என்று எழுவதா?

இவ்வினாவை மூன்று இசைக்கலைஞர்களின் வாழ்வு வழியாக ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். அவர்கள் தமிழர் அல்லர். அவர்கள் வாசித்தது நம் இசையும் அன்று. ஆயினும் அவர்கள் 1962ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் செய்த ஒரு செயலைப் புரிந்துகொள்ளத் தொல்காப்பியமும் புறநானூறும் பெருந்துணை புரிகின்றன. ஆதலின் முதலில் அவற்றிலிருந்தே தொடங்குதல் பொருந்தும்.

ஒழிந்தோரும் ஒழித்த இடமும்

தொல்காப்பியர் புறத்திணையியலில் காஞ்சித் திணையின் துறைகளை வகுத்துரைக்குங்கால், இறந்தோரைக் 'கழிந்தோர்' என்றும், அவரை இழந்து உயிரோடு நிற்போரை 'ஒழிந்தோர்' என்றும் சுட்டுகிறார். ஒழிந்தோரின் புலம்பலே கையறுநிலை. இக்கால வழக்கில் 'ஒழிந்தான்' என்றால் தொலைந்தான் என்று பொருள்படும். தொல்காப்பியர் வழக்கிலோ ஒழிந்தவன் எஞ்சி நிற்பவன். கையறுதல் என்பது செயலறுதல். அழுவது மட்டும் கையறுநிலை ஆகாது. அடுத்து என்ன செய்வது என்று அறியாமல் கை ஓய்ந்து நிற்கும் நிலையே அது. கையால் தொழில் செய்யும் இசைக்கலைஞனுக்கு இச்சொல் எவ்வளவு நேரடியாகப் பொருந்துகிறது என்பதைப் பின்னர்க் காணலாம்.

புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் வரலாறு கூறும் பாடல்களில் இதே வினை வேறொரு பொருளில் வருகிறது. மக்களோடு மாறுபட்டு வடக்கிருந்த சோழன், தான் நேரிற் கண்டிராத பாண்டிநாட்டு நண்பர் பிசிராந்தையார் வருவார் என்று உறுதியாகக் கூறி, அவருக்கென ஓர் இடத்தை ஒழித்து வைக்கச் செய்கிறான். அங்கே ஒழித்தலாவது அழித்தல் அன்று. ஒருவருக்காக இடத்தைக் காலியாக விட்டு வைத்தல். ஆந்தையாரும் வந்தார், அவ்விடத்தில் அமர்ந்தார். உடன் உயிர்விட வந்த பொத்தியாரைச் சோழன் அப்பொழுது ஏற்கவில்லை. மனைவிக்கு மகன் பிறந்த பின் வருமாறு திருப்பி அனுப்பினான். சோழன் இல்லாத உறையூருக்குத் திரும்பிய பொத்தியார், தாம் பேணி வளர்த்த களிறு இறந்தபின் அது நின்ற கூடத்தின் வெறுந்தறியைப் பார்த்துக் கலங்கும் பாகனோடு தம்மை ஒப்பிடுகிறார். பின்னொரு நாள் சோழனின் நடுகல் முன் சென்று நின்று, தமக்குரிய இடம் எது என்று கேட்கிறார்.

இம்மூவர் கதையில் மீண்டும் மீண்டும் வருவது கண்ணீரைக் காட்டிலும் இடமே. வருபவனுக்கு ஒழித்து வைத்த இடம், களிறு இல்லாத இடம், கல்லின் அருகே கேட்டுப் பெறும் இடம் என்று இழப்பை இடத்தால் அளப்பது சங்கப் புலவர் கண்ட நெறி. அண்மையில் உள்ள திருவில்லிபுத்தூரின் பெரியாழ்வாரும் மகளைப் பிரிந்த தாயின் கூற்றாகப் பாடும் பதிகத்தில், வெறிச்சோடிய இல்லத்தையே முதலில் காட்டுகிறார்.

இரு வீணையும் ஒரு வீணையும்

இசையுலகில் இவ்விழப்புக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. காரைக்குடிச் சகோதரர் எனப் புகழ்பெற்ற சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் இரு வீணைகளை ஒன்றாக ஒலிக்கச் செய்தவர்கள். தமையனார் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். தம்பியார் சாம்பசிவ ஐயர் வழக்கம் போலக் கிடத்தி வாசிப்பார். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் மிருதங்கம் அவ்விருவருக்கும் துணை நின்றது. 1930களில் தமையனார் மறைந்தார். தம்பியார் அதன்பின்னும் இருபது ஆண்டுகள் போல வாழ்ந்து, வாசித்து, கலாக்ஷேத்திரத்தில் மாணாக்கர்க்குக் கற்பித்து, 1952இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதும் பெற்று, 1958இல் மறைந்தார். இருவர் வாசித்த இசையை ஒருவர் வாசிக்க நேர்ந்தபோது, தமையனைப் போல் வீணையை நிமிர்த்திப் பிடிக்க அவர் முற்படவில்லை. தம் நிலையிலேயே அமர்ந்து தம் வீணையையே வாசித்தார்.

இது பிறப்பாலும் பயிற்சியாலும் ஒன்றிய உடன்பிறந்தோர் கதை. குருதித் தொடர்பு இல்லாத மூவர் சில ஆண்டுகளே கூடி வாசித்து, அதற்குள் ஒருவரை இழந்தால் என்ன ஆகும்? இசைத்தட்டில் பதிவாகி, ஆண்டும் நாளும் துல்லியமாகத் தெரியும் ஒரு கதை அமெரிக்காவில் உள்ளது.

மூவர் உரையாடல்

ஜாஸ் என்பது கறுப்பின அமெரிக்கர் வளர்த்தெடுத்த இசைவகை. தெரிந்த பாடல் ஒன்றின் மெட்டை முதலில் வாசித்து, பின்னர் அதன் அடிப்படை அமைப்பைக் கைவிடாமல் மனோதர்மமாக விரித்துச் செல்வது அதன் உயிர்நாடி. ஓர் அடியைத் தாளக்கட்டுக்குள் வைத்து வேறுவேறு விதமாகப் பாடும் நிரவல் நம் அவையோர்க்குப் பழக்கமானது. அதனோடு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். பியானோ, பாஸ், டிரம்ஸ் என்னும் மூன்று கருவிகள் மட்டும் கூடும் குழு அவ்விசையில் புகழ்பெற்ற ஓர் அமைப்பு. பாஸ் என்பது ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட வயலின் வடிவக் கருவி. அதனை நின்றுகொண்டே அணைத்துப் பிடித்து, தடித்த நரம்புகளை விரலால் மீட்டுவர். தாழ்ந்த சுரங்களை ஒலித்து, தாளத்தை அடிக்கு அடி எண்ணிக் காட்டுவதே நெடுங்காலம் அதன் வேலையாக இருந்தது.

பில் எவன்ஸ் என்னும் பியானோக் கலைஞர் 1929இல் பிறந்தவர். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' என்னும் புகழ்மிக்க இசைத்தட்டில் 1959இல் வாசித்தவர். அதே ஆண்டில் அவர் தமக்கென ஒரு மூவர் குழுவை அமைத்தார். பாஸ் வாசிக்க வந்தவர் 23 வயது இளைஞர் ஸ்காட் லஃபாரோ. டிரம்ஸ் வாசித்தவர் பால் மோட்டியன். இக்குழுவில் லஃபாரோ தாளத்தை எண்ணிக் காட்டும் ஏவலராக நிற்கவில்லை. பியானோ ஒன்று சொன்னால் பாஸ் மறுமொழி கூறும். சில வேளைகளில் இடைமறிக்கும். சில வேளைகளில் தானே பேச்சைத் தொடங்கும். தலைவரும் துணைவரும் என்றிருந்த முறை மாறி மூவர் உரையாடலாக அது வளர்ந்தது.

இவ்வுரையாடல் நிகழ்வதற்கு எவன்ஸின் இடக்கை வாசிப்பே வழி செய்தது. பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டு மேலை இசையின் அடிப்படை. அக்கூட்டுக்கு ஆதாரமான அடிச்சுரம் ஒன்று உண்டு. தனியே வாசிக்கும் பியானோக் கலைஞர் அதனைத் தம் இடக்கையாலேயே ஒலிப்பார். எவன்ஸோ பெரும்பாலும் அவ்வடிச்சுரத்தை ஒலிக்காமல் விட்டு, மேலுள்ள சுரங்களை மட்டும் ஒலிப்பார். அந்த இடம் பாஸ் கருவிக்கு உரியது. சோழன் ஆந்தையாருக்கு இடம் ஒழித்தாற் போல, அவருடைய இடக்கை ஒவ்வொரு கணமும் தோழனுக்கு ஓர் இடத்தை ஒழித்து வைத்தது.

1961ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்னும் நிலவறை அரங்கில் இம்மூவரும் பிற்பகலும் இரவுமாக ஐந்து முறை வாசித்தனர். ரிவர்சைடு நிறுவனம் அதனை ஒலிப்பதிவு செய்தது. அப்பதிவைக் கேட்பவர்க்கு இசையின் ஊடே கண்ணாடிக் குவளைகள் மோதும் ஓசையும் வந்திருந்தோர் பேச்சும் கேட்கும். தம் கண்முன் நிகழ்வது யாது என்பதை அறியாமல் பேசிக்கொண்டிருந்தோர் அங்கே பலர். கவியரங்கம் கண்ட கவிஞர்கட்கு இது புதிய செய்தி ஆகாது.

பதினொரு நாள் கழித்து, 1961 சூலை 6ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா என்னும் ஊரின் அருகே நிகழ்ந்த கார் விபத்தில் லஃபாரோ இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 25.

நடுகல்

எவன்ஸ் சில திங்கள் மேடையேறவில்லை. கையறுநிலை என்னும் சொல்லுக்கு இதைவிட நேரான விளக்கம் வேண்டா. ஆயினும் அவ்விடைக்காலத்தில் ஒரு பணி நடந்தது. வான்கார்ட் அரங்கப் பதிவுகளிலிருந்து தேர்ந்தெடுத்து ஓர் இசைத்தட்டு உருவாக்கினர். லஃபாரோவின் வாசிப்பு சிறந்து விளங்கும் பகுதிகளே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவர் இயற்றிய இசைப்பாடல் ஒன்றில் தொடங்கி, அவர் இயற்றிய மற்றொன்றில் முடியுமாறு அத்தட்டு அமைந்தது. உறையின் மேல் அவர் பெயர் தனித்துப் பொறிக்கப்பட்டது.

இதுவே அவருக்கு நட்ட நடுகல். வீரன் பெயரும் பீடும் எழுதி, அவன் இறந்ததற்கு அடையாளமாக நிற்பது நடுகல். இங்கே கல்லில் பொறித்த எழுத்து இறந்தவரின் சொந்தக் குரலாகவே இருந்தது. பிறர் ஒருவரும் அவரைப் பற்றிப் புலம்பி வாசித்து அவர் குரலை மறைக்கவில்லை. ஒரு கவிஞர் மறைந்தால் அவர்மீது பத்து இரங்கற்பா எழுதுவதினும், அவர் கவிதைகளில் பத்தைத் தேர்ந்து அச்சிடுவது சிறந்த அஞ்சலி என்பதை இச்செயல் குறிப்பாக உணர்த்துகிறது.

கை மீண்ட நாட்கள்

1962ஆம் ஆண்டு ஏப்ரல் 24, மே 14 ஆகிய நாட்களில் எவன்ஸ், ஜிம் ஹால் என்னும் கிதார்க் கலைஞரோடு இணைந்து ஓர் இசைத்தட்டு பதிவு செய்தார். அதில் பாஸ் இல்லை, டிரம்ஸும் இல்லை. வெற்றிடம் வெற்றிடமாகவே விடப்பட்டது. மூன்று நாள் கழித்து, மே 17ஆம் நாள், மூவர் குழு மீண்டும் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடியது. பால் மோட்டியன் தம் இடத்தில் இருந்தார். பாஸ் வாசிக்கச் சக் இஸ்ரேல்ஸ் வந்திருந்தார். அவர் லஃபாரோ பிறந்த அதே 1936ஆம் ஆண்டில் பிறந்தவர். மே 29, சூன் 5 ஆகிய நாட்களிலும் பதிவு தொடர்ந்தது. ஓரின் கீப்நியூஸ் தயாரித்த அவ்விசைத்தட்டின் பெயர் 'மூன் பீம்ஸ்'. தமிழில் 'நிலாக்கதிர்கள்' எனலாம். எட்டுப் பாடல்கள். எட்டும் பாலட் என்னும் வகையைச் சார்ந்தவை. பாலட் என்பது ஜாஸ் வழக்கில் மெல்ல நடைபோடும் உருக்கமான பாடல். நம் இசையில் சவுக்க காலத்தில் பாடும் பதங்களை இதற்கு உவமையாகக் கூறலாம்.

தோழனை இழந்த குழு, ஓராண்டு நிறைவதற்கு முன்பே, மெல்லிய காதற்பாட்டுகளால் ஆன ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தால் கேட்போர் அதனை எவ்வாறு கொள்வர்? துயரத்தின் இசை என்றே கொள்வர், அவ்வாறே கொண்டனர். முதற்பாடலின் தலைப்பு, 'நான் அறிந்திருந்த ஒருவரைப் பற்றி' என்று பொருள்படும். அது லஃபாரோவைத் தவிர வேறு யாரைக் குறிக்க இயலும்? பிறிதொரு பாடலின் பெயர், 'இப்போது என்னை நீ காண முடிந்தால்' என்பது. எல்லாம் ஒரே திசையில் விரல் நீட்டுகின்றன.

இவ்விடத்தில்தான் ஆய்வாளர் சற்று நின்று எண்ணுதல் வேண்டும்.

துயரம் எங்கே உள்ளது?

அம்முதற்பாடலின் தலைப்பு ஒரு சொல்விளையாட்டு. தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ் பெயரிலுள்ள ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கினால் அத்தலைப்பு கிடைக்கும். சித்திரகவி கற்ற தமிழ்ப் புலவர்க்கு இவ்வகை எழுத்து விளையாட்டு புதியதன்று. 'அறிந்திருந்த ஒருவர்' எனக் குறிக்கப்பட்டவர், கூடத்திலேயே உயிரோடு அமர்ந்திருந்த தயாரிப்பாளர்!

இறுதிப் பாடல் எவன்ஸ் தம் கல்லூரி மாணவப் பருவத்தில் இயற்றியது. லஃபாரோவைச் சந்திப்பதற்குப் பல்லாண்டு முன்னரே பிறந்த பாட்டு அது. இடையிலுள்ள ஆறும் பிறர் இயற்றியவை. அவற்றுள் மூன்று, 1945, 1946ஆம் ஆண்டுகளில் வந்த ஆங்கிலத் திரைப்படப் பாடல்கள். 'இப்போது என்னை நீ காண முடிந்தால்' என்பதும் 1946இல் பிறந்தது; அன்று லஃபாரோ பத்து வயதுச் சிறுவர்.

இன்னும் ஒன்று. அம்மூன்று நாட்களில் மெல்லிய பாடல்கள் மட்டும் பதிவாகவில்லை. விரைந்த நடைப் பாடல்களும் பதிவாயின. மெல்லியவற்றைத் தனியே பிரித்து 'மூன் பீம்ஸ்' என்று வெளியிட்டு, விரைந்தவற்றை வேறொரு தட்டாகப் பின்னர் வெளியிட்டனர். ஒரே கூடம், ஒரே மூவர், ஒரே நாட்கள். துயரத்தட்டின் உடன்பிறப்பாக ஒரு துள்ளல் தட்டும் உண்டு. அக்காலத்தில் எவன்ஸ் போதைப் பழக்கத்தின் பிடியிலும் இருந்தார் என்பதையும் மறைத்தல் வேண்டா. அவர் வாழ்வின் நிழல்களை எல்லாம் ஒரு மரணத்தின் கணக்கில் எழுதுவது வரலாறு ஆகாது.

அவ்வாறாயின், இசைத்தட்டில் துயரம் இல்லையா? கேட்போர் தம் அறிவை அதன்மேல் ஏற்றி ஏமாந்தனரா?

புறநானூற்றின் 112ஆம் பாட்டை இங்கு நினைவிற் கொள்ளலாம். பாரி மகளிர் பாடியதாக வரும் ஐந்தடிச் சிறு பாட்டு அது. அதுவும் ஒரு நிலாப் பாட்டே என்பது வியப்பூட்டும் ஒற்றுமை. கடந்த திங்களின் நிலவில் தந்தை இருந்தான், குன்றும் தமதாயிருந்தது. இத்திங்களின் நிலவில் வென்ற வேந்தர் குன்றைக் கொண்டனர், தந்தையும் இல்லை. இவ்வளவே செய்தி. பாரி என்னும் பெயர் அப்பாட்டில் இல்லை. பறம்பு என்னும் பெயரும் இல்லை. அழுகை, கண்ணீர், துயரம் என்னும் சொற்களும் இல்லை. பாடியவர் யார், துறை யாது என்னும் குறிப்புகளைப் பாட்டின் கீழே பழைய ஏடுகள் காத்துத் தந்திரா எனில், அது எந்த மகளிரின் எந்தத் தந்தையைப் பற்றியது என்றே அறிய இயலாது.

எனினும் அக்குறிப்பு மட்டுமே துயரத்தைத் தந்துவிடவில்லை. அதனை நீக்கிவிட்டுப் படித்தாலும் நெஞ்சு கனக்கும். காரணம், பாட்டின் அமைப்பு. ஒரே நிலவு இருமுறை வருகிறது. இரண்டாம் முறை வரும்போது, முன்னர் இருந்தவை அவ்விடத்தில் இல்லை. சொல்லாத துயரத்தை அந்த இடைவெளி சுமக்கிறது. கையறுநிலையின் உரிப்பொருள் சொல்லிலன்றி அமைப்பிலே தங்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

'மூன் பீம்ஸ்' இசைத்தட்டையும் இவ்வாறே அணுக வேண்டும். தலைப்புகளைக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். அமைப்பைக் கேட்டால் உண்மை புலப்படும். வான்கார்ட் பதிவில் மூன்று குரல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஏறத்தாழ ஓராண்டு கழிந்த பதிவில் பாஸின் நடை வேறு. இஸ்ரேல்ஸ், லஃபாரோவைப் போல் இடைமறித்துப் பேசவில்லை. நீண்ட, உருண்டு திரண்ட தாழ்சுரங்களால் பாட்டைத் தாங்கி நிற்கிறார். மோட்டியன் கம்பித் துடைப்பம் போன்ற மெல்லிய குச்சங்களால் தோலை வருடிக் காலத்தைக் காட்டுகிறார். எவன்ஸின் இடக்கையோ பழைய வழக்கத்தை மாற்றவில்லை. அடிச்சுரத்தை இன்னும் ஒலிக்காமலே விடுகிறது.

இதுவே இவ்வுரையின் மையம். அடிச்சுரத்தை ஒலிக்கத் தெரியாதவர் அல்லர் எவன்ஸ். தோழன் இறந்தபின் அவ்விடத்தையும் தாமே நிரப்பிக்கொண்டு, பத்து விரலாலும் பரந்து வாசித்திருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால் கேட்போர்க்கு ஓர் இழப்பும் தெரிந்திராது; அடுத்து வந்த பாஸ் கலைஞர்க்கு நிற்க இடமும் இருந்திராது. இறந்தவனுக்காகத் திறந்து வைத்த இடத்தை அவர் மூடவில்லை. வந்தவர் அவ்விடத்தில் நின்று தம் குரலில் பேசட்டும் என்று விட்டுவைத்தார். இறந்தவரின் குரலைப் போலி செய்யுமாறு இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரைப் பணிப்பது அவ்விருவர்க்கும் செய்யும் தீங்காகும். காரைக்குடித் தம்பியார் தமையனின் நிலையில் வீணையை நிமிர்த்திப் பிடிக்காததும் இந்நெறியின்பாற் பட்டதே.

மெல்ல நடத்தலும் இங்கே பொருள் பெறுகிறது. விரைந்த நடையில் அடிக்கும் அடிக்கும் இடையே வெளி தெரியாது; வல்லவர் ஒருவர் இல்லாத குறையை விரைவு மறைத்துவிடும். சவுக்க காலத்தில் மறைக்க ஒன்றும் இல்லை. பழகாத மூவர் கூடி மெல்ல வாசித்தால் ஒருவர்க்காக மற்றவர் காத்திருப்பது வெளிப்படையாகக் கேட்கும். புதியவரின் மூச்சைப் பழையவர் இருவரும் அறிந்துகொள்ள முயல்வது கேட்கும். இறந்தவரைப் பற்றி ஒன்றும் கூறாத அவ்விசையில் இக்காத்திருத்தலே இழப்பின் அளவைச் சொல்கிறது.

கவிஞர்க்கு ஓர் எண்ணம்

இதிலிருந்து கவிஞர்கள் கொள்ளத்தக்கவை உண்டு.

இரங்கற்பாவில் துயரச் சொற்கள் பெருகப் பெருகத் துயரம் சுருங்கும். 'கண்ணீர்க் கடல்', 'இமயம் சரிந்தது', 'தமிழ்த்தாய் கலங்கினாள்' என்னும் தொடர்கள் எவர் இறந்தாலும் பொருந்துவன. ஆதலின் எவர்க்கும் உரியன அல்ல. இறந்தவர் மட்டுமே நிரப்பிய இடம் எது என்று கண்டு, அதனை வெறுமையாகக் காட்டுவதே பாரி மகளிர் பாட்டின் வழி. பொத்தியார் கண்ட வெறுந்தறியின் வழியும் அதுவே.

அடுத்து, துயரத்தை இசைத்தட்டின் தலைப்பில் தேடிய கேட்போரைப் போல, கவிதையில் வாழ்க்கைக் குறிப்பை மட்டும் தேடும் வாசிப்பு முழுமை ஆகாது. குறிப்பு வேண்டும், ஏட்டின் கீழ் எழுதிய கொளுவும் துறையும் இல்லையேல் சங்க இலக்கியத்தின் பெரும்பகுதி இருண்டுபோகும். ஆனால் குறிப்பு வாயிலைக் காட்டும். உள்ளே செல்பவர் பாட்டின் அமைப்பைத் தம் செவியாலேயே அறிதல் வேண்டும்.

இனி, கூட்டாகக் கலை செய்வோர்க்கு உரிய செய்தி. லஃபாரோவின் பாஸ் கருவி பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. காரில் உடன் சென்ற அது விபத்தில் பெரிதும் சிதைந்தது. தேர்ந்த கைவினைஞர்கள் பின்னாளில் அதனைச் செப்பனிட்டனர். அது மீண்டும் ஒலித்தது. கருவியைப் பழைய உருவிற்கு மீட்கலாம். வாசித்தவரை மீட்க இயலாது. அவர் வாசித்த முறையைப் பிறர்மேல் ஏற்றவும் கூடாது. புதியவர் ஒருவர் அதனைத் தம் மார்போடு அணைத்து, தம் விரலால் மீட்ட வேண்டும்.

அம்மூவரும் நெடுங்காலம் கூடியிருக்கவில்லை. மோட்டியன் 1964இல் விலகினார். இஸ்ரேல்ஸும் சில ஆண்டுகளில் பிரிந்தார். எவன்ஸ் 1980இல் மறையும்வரை வேறுவேறு தோழர்களோடு மூவர் குழுவாகவே பெரும்பாலும் வாசித்து வந்தார். பாஸ் கலைஞர்கள் மாறினர். அவர்க்கென இடக்கை ஒழித்து வைத்த இடம் மாறவில்லை. மோட்டியன் 2011இல் மறைந்தார். 1961ஆம் ஆண்டின் அந்த ஞாயிற்றுக்கிழமையில் வாசித்த மூவருள் ஒருவரும் இன்று இல்லை. கேட்போரே ஒழிந்தோர்.

பொத்தியாரைச் சோழன் திருப்பி அனுப்பியதன் பொருளையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். வாழ்வில் எஞ்சியுள்ள கடமையை முடித்து வருக என்பதே அவ்வாணை. பொத்தியார் கடமை முடித்துக் கல்லருகே இடம் கேட்டார். கலைஞர்க்கு அக்கடமை எளிதில் முடிவதில்லை. ஒருவர் விட்டுச்சென்ற உரையாடல் பாதியில் நிற்கிறது. அதனை மற்றொருவரோடு தொடர வேண்டியிருக்கிறது.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் இன்னும் பல பத்தாண்டு காணும்; காண வேண்டும். அப்போது இந்த அரங்கில் சில நாற்காலிகள் வெறுமையாகும். அவற்றை அகற்றிவிடுதல் வேண்டா. மாலை சூட்டி எவரும் அமராதவாறு காத்தலும் வேண்டா. மறைந்தவரின் கவிதையை அன்றைய கூட்டத்தில் அவர் குரலாகவே முதலில் படிக்கட்டும். பின்னர், முதன்முதலாக எழுதிய கவிதையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வாயிலருகே தயங்கி நிற்கும் இளைஞரோ நங்கையோ வந்து அந்நாற்காலியில் அமரட்டும். மறைந்தவரைப் போல் பாடுமாறு எவரும் கேளாதிருக்கட்டும். பழையவர்கள் சற்று மெல்ல நடந்து, புதிய குரலுக்காகக் காத்திருக்கட்டும்.

இடம் ஒழித்து வைத்தவன் கோப்பெருஞ்சோழன். வருவார் என்னும் நம்பிக்கையே அவனை அவ்வாறு செய்யத் தூண்டியது. வந்தார் பிசிராந்தையார்.